பார்த்தீனியத்துக்கு மூன்று ஷிஃப்ட்

என் வீட்டுக்காரருக்கும் பார்த்தீனியத்துக்கும் ஆகாது. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை என்றால் ஊர் தலையாட்டி ஒப்புக்கொள்ளும். ஒரு ஆம்பிளைக்கும் செடிக்கும் ஆகவில்லை என்றால் சிரிக்கிறார்கள். சிரித்தவர்களை ஒருநாள் எங்கள் வீட்டில் உட்காரவைத்து, அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அது ஓசூர் ரோட்டை நாலு வழியாக்கத் தோண்டிப் போட்டிருந்த வருஷம். அதனால் முதலில் எல்லோரும் ரோட்டுத் தூசியின் மேல் பழி போட்டார்கள். அப்புறம் கம்பெனிப் புகை என்றார்கள். நான் கடுகு தாளிக்கிற நெடிதான் காரணம் என்று மாமியார் கோவில்பட்டியிலிருந்து போனிலேயே கண்டுபிடித்தார். கடைசியில் ஒரு டாக்டர்தான் என் வீட்டுக்காரர் கையில் சிவந்திருந்த தடிப்பைப் பார்த்துவிட்டு, "வீட்டுப் பக்கத்துல பார்த்தீனியம் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறதாவது! மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் ஹவுஸ் ஓனர் முனிவேல் அண்ணனின் மாந்தோப்பு. அதில் மாமரங்கள் வாடகைக்கு வந்தவை மாதிரி ஒதுங்கி நின்றன. ஓனர் மாதிரி இடம் முழுக்கப் பரவியிருந்தது பார்த்தீனியம்தான். இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. கர்நாடகத்துப் பக்கம் அதற்கு ஒரு கட்சியின் பெயரை வைத்துக் கூப்பிடுவார்கள். நான் சொல்ல மாட்டேன், நமக்கு எதற்கு வம்பு.

"ஒண்ணு, அந்தச் செடி போகணும். இல்ல, நீங்க போகணும். மாத்திரையெல்லாம் கொஞ்ச நாள் தள்ளும், அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

மோகன்குமாருக்கு, நேரில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், எழுதும்போதாவது சொல்லிக்கொள்கிறேன், கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் லேத் மெஷினில் வேலை. டிரெய்னி, கான்ட்ராக்ட் என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு அந்தச் சித்திரையில்தான் பெர்மனன்ட் ஆக்கியிருந்தார்கள். அன்றைக்குத் தெரு முழுக்க லட்டு கொடுத்த மனுஷன், டாக்டரிடமிருந்து திரும்பும்போது ஆட்டோவில் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "பாப்போம் பூங்கொடி. பொங்கல் வரைக்கும் பாப்போம். சரியாகலைன்னா, பொங்கலுக்கு ஊருக்குப் போறது ஒரேயடியாப் போறதுதான்."

ஊருக்குப் போய் என்ன செய்வது? நூலளவு பிசகாமல் இரும்பைக் கடைகிற கையை வைத்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரி வேலை பார்ப்பாரா? அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும். அன்று சாயங்காலமே முனிவேல் அண்ணன் வாசலில் போய் நின்றேன்.

முனிவேல் அண்ணன் உள்ளூர்க்காரர். கோபம் வந்தால் தெலுங்கு, சந்தோஷம் வந்தால் கன்னடம், வாடகை விஷயமென்றால் சுத்தமான தமிழ்.

"அண்ணாச்சி, தோப்புல இருக்க செடிய நாங்க பிடுங்கிக்கிடுதோம். சரின்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"பிடுங்கும்மா, யாரு வேணான்னா? ஆளு வெச்சி எடுத்தா கட்டுப்படி ஆவலன்னுதான் வுட்டுட்டன். ஆனா பிடுங்கி எங்க போடுவ? ரோட்டாண்ட போட்டா பஞ்சாயத்துக்காரன் வந்து நிப்பான். கொளுத்துனா அந்தப் பொகைக்கே உன் வூட்டுக்காரரு தாங்க மாட்டாரு. மருந்து அடிக்கற பேச்சே வேணாம், என் மரத்துக்கு ஆவாது."

எல்லா வாசலையும் அவரே திறந்து அவரே சாத்திவிட்டார்.

வழி சொன்னவள் பக்கத்து வீட்டு ஜெபசீலி. அவள் சி.எஸ்.ஐ., அவள் வீட்டுக்காரர் சகாயநாதன் ஆர்.சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி இரண்டு திசைக்குப் போய்விட்டு மத்தியானம் ஒரே கறிக்குழம்புக்குத் திரும்புவார்கள். களைச்செடியை உரமாக்குவது எப்படி என்று தேன்கனிக்கோட்டையில் கூட்டம் போட்டுச் சொல்லித் தருகிறார்களாம் என்று அவளுக்குக் கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு உரத்தைப் பற்றிக் கவலை இல்லை. யானை வந்து ராகிக்காட்டை மிதித்ததற்கு நியாயம் கேட்க வந்திருந்தார்கள். மேடையில் நின்றவர் பாவம், நடுநடுவே கிடைத்த சந்தில் பாடத்தைச் சொன்னார். செடியைப் பிடுங்கிச் சின்னதாக நறுக்க வேண்டும். ஒரு அடுக்கு செடி, ஒரு அடுக்கு சாணிக்கரைசல் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் குவியலாக்கி, தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். அப்பப்போது புரட்டிவிட வேண்டும். உள்ளே சூடு வரும். "அந்தச் சூடு எதுக்குன்னா..." என்று அவர் ஆரம்பித்தபோது அஞ்செட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் எழுந்து, "சாமி, மொதல்ல ஆனைக்கு ஒரு வழி சொல்லு" என்று கத்த, சூடு எதற்கு என்பது அந்தக் கூச்சலோடு போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் லைன் வீட்டு ஆம்பிளைகள் எல்லோரும் கூடினார்கள். சகாயநாதன் அண்ணன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவு. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சுடலைமுத்து அசெம்பிளி. கடைசி வீட்டுப் பாஸ்கரன் எப்போதும் நைட் ஷிஃப்ட். என் வீட்டுக்காரர் செடிக்குப் பயந்து எங்கள் வாசற்படியிலேயே நின்று, கர்ச்சீப் வழியாகக் கூட்டத்தை நடத்தினார். பல வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

நான் பாடத்தை ஒப்பித்தேன். "அப்பப்பப் புரட்டணும்" என்று முடித்தேன்.

"அப்பப்பன்னா எப்ப?" என்றார் வாசற்படியிலிருந்து.

"அப்பப்பன்னா அப்பப்பதான்."

"ஏட்டி, அப்பப்பங்கறது ஒரு அளவா? இன்னைக்குப் புரட்டணுமா, நாளைக்குப் புரட்டணுமா, யார் புரட்டணும், ஒண்ணும் இல்லாம வேலை எப்படி நடக்கும்?"

ஒரு கம்பெனிக்காரரிடம் அப்பப்போது என்று சொல்வதும் கெட்ட வார்த்தை சொல்வதும் ஒன்று. ஆளுக்கு ஆள் பேசி, கடைசியில் ஷிஃப்டுக்கு ஒரு தடவை என்று தீர்மானம் ஆனது. முதல் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் ஒரு புரட்டு, இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் ஒரு புரட்டு, நைட் முடித்து வருகிற பாஸ்கரன் ஒரு புரட்டு.

"உள்ள சூடு வரும்னும் சொன்னாரு" என்றேன் நினைவு வந்து.

சகாயநாதன் அண்ணன் சிரித்துவிட்டார். "சூடு வந்தா கோளாறும்மா அது. பேரிங் சூடாச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? நிறுத்தி, ஆற வெச்சு, எதனால சூடாச்சுன்னு பாப்பேன். நீ கவலைப்படாத, சூடு வராம நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். மறுவாரமே நாங்கள் பொம்பளைகள் கம்பெனியில் கழித்துப்போட்ட கிளவுசை மாட்டிக்கொண்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுச் சுவரை ஒட்டிய பகுதியில் செடியைப் பிடுங்கி நறுக்கிக் குவித்தோம். பூத்தது, பூக்காதது, காய்ந்தது எல்லாம் அதில் இருந்தது. ஆம்பிளைகள் பழைய கம்பியை வளைத்து நாலு பல் வாரிகள் செய்தார்கள். அதன் பிறகு அந்தக் குவியலுக்கு ஒரு நிமிஷம் ஓய்வு கிடையாது.

சுடலைமுத்து யூனிஃபார்மோடு வந்து புரட்டுவான். "மதினி, நான் முடிச்சிட்டேன், அடுத்த ஆளுகிட்ட சொல்லிருங்க" என்று கத்திவிட்டுத்தான் குளிக்கப் போவான். சகாயநாதன் அண்ணன் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். இளஞ்சூடு தட்டினால் போதும், முகம் மாறிவிடும். உடனே அதைப் பிரித்து, பரப்பி, காற்றாட விட்டு, ஒரு வாளித் தண்ணீரும் தெளித்துவிட்டு மறுபடியும் சேர்ப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது மாதிரி ஒரு நிம்மதியோடு வந்து டீ கேட்பார். குவியலின் ஓரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருந்தன.

ஒன்றரை மாதத்தில் அது கறுத்து உதிர்ந்து, பார்க்க லட்சணமாகிவிட்டது. முனிவேல் அண்ணன் ஒரு கை அள்ளி மோந்து பார்த்து, "சென்னாகிதே!" என்றார். நன்றாக இருக்கிறதாம். அன்று முழுக்கக் கன்னடத்திலேயே இருந்தார். புதிதாக நட்டிருந்த ஒட்டு மாங்கன்றுகளுக்கு அதைப் போட்டார். வாசலில் அவர் சம்சாரம் வைத்திருந்த சாமந்திக்குப் போட்டார். பெருமை தாங்காமல் நாட்றாம்பாளையத்தில் மலைக்காட்டில் விவசாயம் பார்க்கிற மச்சானுக்கும் ஒரு மூட்டை அனுப்பிவைத்தார். நாங்கள் அடுத்த பகுதியில் செடி பிடுங்கி, இரண்டாவது குவியலைப் போட்டோம். என் வீட்டுக்காரர் அந்த வாரம் ஒரு தடவைதான் மாத்திரை போட்டார். பொங்கலுக்குப் போய் வரும்போது அம்மாவிடம் அம்மிக்கல் வாங்கி வர வேண்டும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

ஒரு நல்ல மழை பெய்தது. அதற்கு அடுத்த வாரம் முனிவேல் அண்ணன் தெலுங்கில் வந்தார்.

"ஏமம்மா இதி! ஏமம்மா இதி!"

அவர் பின்னாலேயே ஓடிப் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு மாங்கன்றைச் சுற்றியும் நாற்றங்கால் விட்டதுபோல, நெருக்கமாக, ஒரே மட்டமாகப் பார்த்தீனியம் முளைத்திருந்தது. சாமந்திப் பாத்தியில் சாமந்தியைத் தேட வேண்டியிருந்தது. அதுவரை அந்தச் செடியையே பார்த்திராத நாட்றாம்பாளையத்து மச்சான், இது என்ன புதுக் கீரையா என்று போன் பண்ணிக் கேட்டிருக்கிறார்.

"துட்டு குடுத்து வெதைச்சாக்கூட இப்டி வராதும்மா!" முனிவேல் அண்ணன் தமிழுக்குத் திரும்பியது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "இத்தோட போதும். இனிமே தோப்புக்குள்ள ஒருத்தரும் கால் வெக்கக் கூடாது. அந்த ரெண்டாவது குப்பைய பூஜை லீவு முடிஞ்சதும் அள்ளி எங்கயாச்சும் தூர கொட்டிடுங்க. என் எடத்துல இருக்கக் கூடாது."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தோப்பில் இன்னும் பெரும்பகுதிச் செடி அப்படியே நின்றது. மழைக்குப் பிறகு புதிதாகவும் கிளம்பியது. ஐப்பசி, கார்த்திகையில் அது மொத்தமும் பூத்தால் என் வீட்டுக்காரர் எப்படித் தாங்குவார்? இவருக்கும் அது தெரிந்திருந்தது. அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மாகிட்ட ஊர்ல வீடு பாக்கச் சொல்லிட்டேன்" என்றார். நான் ரசத்தை ஊற்றுவதற்குப் பதிலாகக் கரண்டியைத் தூக்கி எறிந்தேன். சுவரில் பட்டு விழுந்தது. அவர் எழுந்து போய் அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சண்டைக்குக்கூட வராத மனுஷனை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இந்த லட்சணத்தில் ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் தீபாவளிக்குக்கூட மெஷின் ஓடும், ஆயுத பூஜைக்கு ஓடாது. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தால் அதோடு சரி, சுவிட்சைத் தொட மாட்டார்கள். லைன் வீட்டிலும் சுடலைமுத்து தலைமையில் பூஜை நடந்தது. மண்வெட்டி, நாலு பல் வாரி, வாளி, கடப்பாரை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படைத்தான். பழக்கதோஷத்தில் இரண்டாவது குவியலின் தார்ப்பாய்க்கும் மூன்று பட்டை சந்தனம் பூசி மாலை போட்டுவிட்டான். அள்ளிக் கொட்டப்போகிற குப்பைக்கு மாலை எதற்கு என்று கேட்டேன்.

"நம்ம ஓட்டுன மிஷின் மதினி அது. போவும்போது மரியாதையாப் போட்டும்" என்றான். "சாமானையெல்லாம் யாரும் தொட்டுரப்பிடாது. நான் ஊர்ல இருந்து வந்து தேங்கா உடைச்சு எடுத்துத் தருவேன்."

அன்று சாயங்காலமே பாதி லைன் காலி. தெற்கே போகிற பஸ்ஸில் எல்லோரும் ஏறிவிட்டார்கள். இவருக்குப் பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று நாங்கள் போகவில்லை. மறுநாள் எனக்கு மனசு கேட்கவில்லை. கொட்டப்போகிறதோ இல்லையோ, புரட்டாமல் கிடக்கிறதே என்று சகாயநாதன் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, நீங்க கிறிஸ்டியன்தான? வாரிய எடுத்து ஒரு புரட்டு புரட்டிருங்களேன்."

அவர் என்னை முறைத்தார். "நல்லா இருக்கே! அந்த வாரிக்கு சந்தனம் வெச்சதே நான்தான். பூசணிக்காய் யார் வாங்குனது? நான். சாமிக்கு வெச்சத எடுத்தா சுடலைமுத்து என்னைச் சும்மா விடுவானா? இவகூட விட மாட்டா."

உள்ளேயிருந்து ஜெபசீலி, "ஆமா, விட மாட்டேன்" என்றாள்.

அப்படியாகத்தான் அந்தக் குவியல் தன் வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் கிண்டாமல், யாரும் தண்ணீர் தெளிக்காமல், மாலையும் சந்தனமுமாக நாலைந்து நாள் சும்மா கிடந்தது.

லீவின் கடைசி நாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பனி இறங்கியிருந்தது. பின்பக்கத்திலிருந்து முனிவேல் அண்ணனின் குரல் கேட்டது.

"அக்னி! அக்னி! குப்பை பத்திக்கிச்சி! தண்ணி எடுத்தாங்க!"

ஓடினேன். தார்ப்பாயின் ஓரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. முனிவேல் அண்ணன் இரண்டு கையிலும் வாளி. சகாயநாதன் அண்ணன் பனியனோடு பாய்ந்து வந்து தார்ப்பாயை இழுத்தார். குப்பென்று வந்தது, ஆனால் புகை நாற்றம் இல்லை. இட்லிச் சட்டியைத் திறந்தால் வருமே, அந்த ஈரமான ஆவி. அவர் வழக்கம்போல உள்ளே கையை விட்டார். விட்ட வேகத்தில் உருவிக்கொண்டு உதறினார்.

"அம்மாடி! என்னா சூடு! நாலு நாள் பாக்காம விட்டதுல வீணாப்போச்சும்மா. ஊத்துங்கண்ணே, ஊத்துங்க!"

முனிவேல் அண்ணன் வாளியைத் தூக்கினார். நானும் என் கையைக் குவியலுக்குள் விட்டேன். சட்டென்று எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்த கையில் நறுக்கிப் போட்ட செடித்துண்டுகள் நிறம் மாறி, குழைந்து ஒட்டியிருந்தன. வெந்த கீரை. நான் தினம் அடுப்பில் பார்க்கிற அதே பதம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாளிக்கும் குவியலுக்கும் நடுவில் போய் நின்றேன். பாதித் தண்ணீர் என் மேலேயே விழுந்தது.

"ஊத்தாதீங்க! ஒரு சொட்டு ஊத்தாதீங்க!"

"ஏம்மா, உனக்கு இன்னா பைத்தியமா?"

"அண்ணாச்சி, பச்சைப்பயற ஊறப்போட்டா முளைக்கும். அவிச்ச பயறு முளைக்குமா?"

அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் தூக்கவும் இல்லை.

"மொதக் குவியல நாங்க அவியவே விடல. ஷிஃப்டு போட்டுப் புரட்டிப் புரட்டி ஆறவச்சிட்டோம். விதையெல்லாம் பச்சையாவே இருந்திருக்கு, உங்க தோட்டத்துல போய் முளைச்சிருச்சு. இது அவியுது. விடுங்க, அவியட்டும்!"

குளிரில் நடுங்கிக்கொண்டே கத்தினேன். கத்தியதில் பாதி அழுகை. "இதுவும் வீணாப்போனா எங்க வீட்டுக்காரரு ஊருக்குப் போயிருவாரு அண்ணாச்சி. எனக்கு இந்தக் குப்பையத் தவிர வேற வழி தெரியல."

சகாயநாதன் அண்ணன் தன் சிவந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "தெனமும் குளிர வெச்சது நான்தானே" என்றார்.

"நீங்க மட்டுமா? ஷிஃப்டு போட்டது நான்ல்லா" என்று பின்னாலிருந்து கர்ச்சீப்புக்குள் ஒரு குரல். இவர் எப்போது எழுந்து வந்தார் என்றே தெரியவில்லை. "அப்பப்பன்னு அவ சொன்னப்ப, அப்பப்பன்னே விட்டிருக்கணும்."

முனிவேல் அண்ணன் வாளியை வைத்தார். "சரிம்மா. இருக்கட்டும். ஆனா என் கண்ணால பாக்காம ஒரு கூடைகூட மண்ணுல வுழாது."

மறுநாள் காலையில் சுடலைமுத்துவும் பாஸ்கரனும் ஊரிலிருந்து அல்வாவும் சேவுமாக வந்து இறங்கினார்கள். நடந்ததைக் கேட்டதும் தேங்காயை உடைத்து வாரியை எடுக்கத்தான் சுடலைமுத்து ஓடினான். பிடித்து உட்கார வைத்தோம். சட்டம் மாறியது. சூடு தானாகத் தணிகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. தணிந்தால் ஒரு தடவை புரட்டி மூடிவிட வேண்டும். மறுபடி சூடேறும், மறுபடி விட்டுவிட வேண்டும்.

புரட்டுவதைவிட இதுதான் அவர்களுக்குப் பெரிய கஷ்டமாகப் போய்விட்டது. சகாயநாதன் அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குவியலைச் சுற்றிச் சுற்றி வருவார். உள்ளே கொதிக்கிறது என்று தெரிந்தும் ஒன்றும் செய்யக் கூடாது என்றால் அந்த மனுஷன் என்னதான் பண்ணுவார்? ஜெபசீலி அவர் கையில் வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொன்னாள். சுடலைமுத்து தூரத்தில் நின்று, "ஆவி வருது மதினி, நல்லா வருது" என்று கமெண்டரி கொடுப்பான்.

தீபாவளி கழிந்த பிறகு முனிவேல் அண்ணன் ஓர் ஓட்டை அலுமினிய அண்டாவைக் கொண்டுவந்தார். குவியலின் நடுவிலிருந்து அள்ளி அதில் நிரப்பினார். தண்ணீர் தெளித்தார். பிறகு மடியிலிருந்து ஒரு பிடி ராகியை எடுத்து அதன் மேல் தூவினார்.

"ராகி எதுக்கு அண்ணாச்சி?"

"ஒண்ணியும் மொளைக்கலன்னா அது எருவா வெஷமான்னு எனக்கு எப்டித் தெரியும்? ராகி வரணும். ராகி மட்டும்தான் வரணும்."

அண்டா எங்கள் லைனின் நடுவே உட்கார்ந்தது. எல்லோரும் ஷிஃப்டுக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் பச்சையாக ஊசி ஊசியாகக் கிளம்பியது. எல்லாமே ஊசிதான். முளைக்கும்போது ராகிக்கு இலை ஊசியாக வரும், பார்த்தீனியத்துக்கு வட்டமாக வரும் என்று முனிவேல் அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார். வட்ட இலையைத் தேடித் தேடி எனக்குக் கண் வலித்தது. ஒருநாள் பாஸ்கரன் வட்டமாக ஒன்றைப் பார்த்துவிட்டு லைனையே கூட்டிவிட்டான். எடுத்துப் பார்த்தால் எங்கள் வீட்டு வேப்பமரத்துப் பழுத்த இலைத் துணுக்கு.

ராகி விரல் நீளம் வளர்ந்தது. நடுவே ஒரு வட்ட இலை கிடையாது. முனிவேல் அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பயிரை விலக்கி விலக்கிப் பார்த்தார். நாங்கள் பின்னால் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம். அவர் எழுந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"சென்னாகிதே" என்றார்.

அவ்வளவுதான், சுடலைமுத்து விசில் அடித்தான்.

அதன் பிறகு தோப்பு எங்களுடையது போலத்தான். புதிதாகக் கிளம்பியிருந்த செடி பூப்பதற்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று நானும் ஜெபசீலியும் லைனில் இருந்த மற்றப் பெண்களும் காலை வேலை முடிந்ததும் இறங்கிவிடுவோம். முனிவேல் அண்ணன் சம்சாரமும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுச் சுவரில் தொடங்கி, மரம் மரமாக, வேலி வரைக்கும் போனோம். பெரிய குவியல்கள் மூன்று எழும்பின. சூடு தணிகிற வரைக்கும் மூன்றையும் யாரும் தொடவில்லை. மார்கழி பிறந்தபோது மாமரங்கள் கறுப்பு எருவுக்கு நடுவில் கால் நீட்டி நின்றன. அவை ஓனர் மாதிரி தெரிந்தன.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் உதறல் போகவில்லை. மார்கழிதான் இவருக்குப் பொல்லாத மாதம். ஓசூர்ப் பனியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், காலையில் குழாயைத் தொட்டால் கை மரத்துப்போகும். போன மார்கழியில் தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தேதான் தூங்கினார். எப்படி இருக்கிறது என்று இவரிடம் கேட்கவும் பயம். இவரும் சொல்லவில்லை. பொங்கல் பேச்சை இரண்டு பேருமே எடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் இவருக்கு நைட் ஷிஃப்ட். காலையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் தோப்பு வேலை முடித்து மத்தியானம் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

வீடு சத்தமில்லாமல் இருந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தூங்குகிறாரா என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. சமையல்கட்டில் நின்றாலே அவர் மூச்சின் கீச்சுச் சத்தம் கேட்கும், இழுத்து இழுத்து வரும், அதைக் கேட்டபடியே அரிசி களைவேன், வெங்காயம் நறுக்குவேன். இன்றைக்கு அது இல்லை. ஃபேன்கூட ஓடவில்லை. ஒன்றுமே இல்லை.

கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. கட்டிலுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. தலையணையை நிமிர்த்தாமல் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். போர்வை அசைந்ததா அசையவில்லையா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. கையை அவர் மூக்கருகே கொண்டுபோனேன்.

வெதுவெதுவென்று பட்டது. ஒரு சீராக வந்தது, போனது. இடையில் தடங்கல் இல்லை.

ஈரக்கையின் சில்லிப்பு பட்டு அவர் விழித்துக்கொண்டார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

"ஏய், என்னாச்சு? யாருக்கு என்ன?"

எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும் என்று சொன்னேன். அன்றைக்கு அழுகை முந்திக்கொண்டது. கோபம் பின்னாலேயே வந்தது.

"மூச்சு விட்டா கொஞ்சம் சத்தமா விடக் கூடாதா? மனுஷி செத்துப் பிழைச்சேன்!"

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தன் நெஞ்சில் கையை வைத்து, ஆழமாக ஒரு தடவை இழுத்து விட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்து விட்டார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது.